பக்கம் மாறாத வண்டி

4ஆம் தேதி, புதன்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

தம்பி எழுதுவது. நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்க மனசு வரவில்லை. இங்கே நலமில்லை. அங்கே எப்படி என்று தெரிந்துகொள்ள எனக்கு வழியில்லை. ஏழு மாதமாக உன் ஃபோன் அடிப்பதே இல்லை. நான் அனுப்பும் மெசேஜ் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கூரியர். உன் பழைய அறை முகவரிக்கே அனுப்புகிறேன், வேறு முகவரி என்னிடம் இல்லை. நாலைந்து நாளில் சேரும் என்றார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் கார்.

நம் தெருவை நீ மறந்திருக்க மாட்டாய். அகலம் ஐந்து மீட்டர் பத்து சென்டிமீட்டர், நானே டேப் வைத்து அளந்தேன். முட்டுச்சந்து. பத்தொன்பது வீடு, பதினோரு கார். மாதத்தின் முதல் பதினைந்து நாள் எல்லா வண்டியும் இடது பக்கம், பதினாறு முதல் கடைசி வரை வலது பக்கம். யார் வீட்டு வாசலும் மாதம் முழுக்க அடைபடக் கூடாது என்று இந்த ஏற்பாட்டைக் கொண்டுவந்தவரே அப்பாதான். ஒன்றாம் தேதியும் பதினாறாம் தேதியும் காலை ஆறு மணிக்குத் தெருவே வெளியே வந்து நிற்கும். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டிய மனுஷன் நடுவில் நின்று கைகாட்டுவார். கடைசி வீட்டுக் கணக்கு டீச்சர் நோட்டு வைத்துக்கொண்டு டிக் போடுவார். இருபது நிமிஷத்தில் வேலை முடியும்.

இப்போது பத்து வண்டிதான் மாறுகிறது. உன் கார் ஏழு மாதமாக இடது பக்கமே நிற்கிறது, மேலே நீல நிறத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. மாதத்தின் முதல் பாதியில் யாருக்கும் தொல்லை இல்லை. பதினாறாம் தேதி மற்றவர்கள் வலது பக்கம் போனதும் நம் வாசலில் வழி சுருங்கிவிடும். மிச்சம் ஒன்று அறுபது. பைக் போகும், சைக்கிள் போகும். வேன் போகாது.

எந்த வேன் என்று கேட்பாய். பதினாலாம் வீட்டு டெய்லரின் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டது. திங்கள், புதன், வெள்ளி காலை ஏழு மணிக்கு ஆஸ்பத்திரி வேன் வந்து ரத்தம் சுத்திகரிக்கக் கூட்டிப் போகிறது. மாதத்தின் பின்பாதியில் வேன் தெருமுனையிலேயே நின்றுவிடும். டெய்லர் அந்த அக்காவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு பக்கம் பிடிப்பார், சலூன் அண்ணன் இன்னொரு பக்கம். அறுபத்தெட்டு மீட்டர். போக ஒரு தடவை, வர ஒரு தடவை. அம்மா போன பிறகு ஒரு வருஷம் நம் வீட்டுக்குச் சாப்பாடு கொடுத்து அனுப்பியவர் அந்த அக்கா. ஞாபகம் இருக்கிறதா?

போன மாதம் 23, வெள்ளிக்கிழமை, திரும்பி வரும்போது நாற்காலிக் கால் முறிந்துவிட்டது. உன் காரின் பம்பர் பக்கத்தில்தான் விழுந்தார். ஊசி ஏற்றுகிற கையில் அடி. அந்தக் கையின் நரம்பு கெட்டுப்போனால் வேறு இடம் தேடுவது ரொம்பக் கஷ்டம் என்று நர்ஸ் சொன்னாராம். இந்தத் தடவை தப்பித்தது. அடுத்த தடவைக்கு யாரும் உத்தரவாதம் தரவில்லை.

நான் அப்பாவிடம் சாவி கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “அது அவன் வண்டி. அவன் வாயால சொல்லாம இனி அத ஒருத்தரும் தொடக்கூடாது. நானும்தான்.” மூன்று வருஷத்துக்கு முன் நீ வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பும்போது வண்டியைப் பார்த்துக்கச் சொன்னாய், சரி. அதன்பிறகு இரண்டரை வருஷம் மாதம் இரண்டு தடவை தானே அதைப் பக்கம் மாற்றிய மனுஷன், திடீரென்று ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். சாவி சட்டை உள்பாக்கெட்டில். குளிக்கப் போனால் சட்டையும் கூடவே போகிறது.

தெரு நம்மோடு பேசுவதில்லை. டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டார்கள், நான் பம்ப் வைத்து அடித்தேன், மறுபடி பிடுங்கினார்கள். சலூன் அண்ணன் அப்பாவுக்கு முகம் மழிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “எங்களுக்கெல்லாம் ரூல் சொல்லிக்குடுத்தவரு உங்கப்பா. இப்ப அவருக்கு யாரு சொல்லிக்குடுக்கறது தம்பி?” என்று என்னிடம் கேட்டார். அப்பா வீட்டிலேயே மழித்துக்கொண்டு தாடையெல்லாம் வெட்டுக்காயத்தோடு திரிகிறார்.

நகராட்சி நோட்டீஸ் தார்ப்பாய் மேல் ஒட்டியிருக்கிறது. பதினாறாம் தேதி காலை எட்டு மணிக்குள் மாற்றாவிட்டால் இழுவை வண்டி வந்து எடுத்துப் போகும். அப்பா என்ன சொல்கிறார் தெரியுமா? “எடுத்துப் பாக்கட்டும். நான் உள்ள உக்காந்துக்கறேன். என்னையும் சேத்து இழுத்துட்டுப் போகட்டும்.” விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எழுபது வயது, ரத்த அழுத்த மாத்திரை ஒரு நாளைக்கு இரண்டு.

நீ செய்ய வேண்டியது இரண்டில் ஒன்று. அப்பாவைக் கூப்பிட்டு வண்டியைக் கொடு என்று ஒரு வார்த்தை சொல். அது முடியாவிட்டால் இத்தோடு வைத்திருக்கும் சம்மதப் படிவத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட மூன்று இடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. உன் பேரில் இருக்கிற வண்டிக்கு உன் கையெழுத்து இல்லாமல் ஷோரூமில் மாற்றுச் சாவி தர மாட்டார்களாம். பன்னிரண்டு நாள் இருக்கிறது.

பதிலை எதிர்பார்க்கும்,
உன் தம்பி


12ஆம் தேதி, வியாழக்கிழமை

அண்ணனுக்கு,

பதில் இல்லை. இது உன் கைக்கு வரும்போது பதினாறாம் தேதி முடிந்துவிட்டிருக்கும். தெரிந்தே எழுதுகிறேன். எழுதாமல் இருந்தால் யாரையாவது அடித்துவிடுவேன் போலிருக்கிறது.

கூரியர் வெப்சைட்டில் ஒன்பதாம் தேதியே ‘சேர்ந்தது’ என்று காட்டுகிறது. கையெழுத்தும் போட்டிருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு வளைந்த கோடு, அவ்வளவுதான். உன் கையெழுத்தில் முதலெழுத்துப் பெரிதாக இருக்கும். இதில் எழுத்தே இல்லை. நீ அவசரத்தில் கிறுக்கினாயா, பக்கத்து அறைக்காரன் வாங்கினானா, தெரியவில்லை. வேலை நேரத்தில்கூட அதைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று நான் செய்ததைச் சொல்கிறேன். லிஃப்ட் மோட்டாரை நகர்த்த எங்கள் கம்பெனியில் சக்கரம் வைத்த இரும்புப் பலகை உண்டு. நாலைக் கேட்டு வாங்கி வந்தேன். இப்போதே ஜாக்கி போட்டு ஒவ்வொரு டயருக்கும் அடியில் தள்ளி வைத்தால் சாவியே தேவையில்லை, பதினாறாம் தேதி இரண்டு பேர் தள்ளினால் கார் பக்கவாட்டில் நகரும். இரண்டு டயர் முடிந்தது. அப்பா வெளியே வந்தார். தார்ப்பாயை விலக்கிக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பூட்டிக்கொண்டார்.

நான் கண்ணாடியைத் தட்டினேன். சாவியைக் குடுங்க, இல்லன்னா உடைப்பேன் என்று கத்தினேன். கையில் ஸ்பேனர் இருந்தது. தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் கண்ணாடியைக் கால்வாசி இறக்கி, “உடைடா. அவனுக்கு நீயே பதில் சொல்லிக்க” என்றார். சத்தம்கூடப் போடவில்லை. நான் கையை ஓங்கிவிட்டேன் அண்ணா. கண்ணாடியைத்தான். ஆனால் கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம்தான் இருந்தது.

டெய்லர் வந்து ஸ்பேனரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். “விடு தம்பி. அவ இளைச்சு நாற்பது கிலோதான் இருக்கா. நான் தூக்கிக்கறேன்” என்றார். அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இரண்டு பலகையையும் உருவி எடுத்துவிட்டேன். அப்பா தலையணையைக் கொண்டுபோய்க் காரின் முன்சீட்டில் வைத்திருக்கிறார். தண்ணீர் பாட்டிலும் மாத்திரை டப்பாவும் உள்ளே. பதினாறாம் தேதிக்கு இப்போதே தயாராகிறார். இழுவை வண்டிக்காரர்கள் கதவை நெம்பினால் என்ன ஆகும், அவர் நெஞ்சு தாங்குமா, எனக்குத் தெரியாது. எனக்கு மெஷின் தெரியும். இது தெரியவில்லை.

எங்கே இருக்கிறாய் நீ?

தம்பி


17ஆம் தேதி, செவ்வாய்க்கிழமை

அன்புள்ள அண்ணனுக்கு,

இந்தக் கடிதத்தைக் கடைசி வரை படி. பாதியில் வைத்துவிடாதே. கார் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அதைவிடப் பெரிய ஒன்றை நான் உண்டாக்கிவிட்டேன்.

எங்கள் வேலையில் ஒன்று உண்டு. கதவுப் பூட்டின் சுவிட்ச் கெட்டு ஆள் உள்ளே மாட்டிக்கொண்டால், அந்த சுவிட்ச்சை ஒரு ஒயர் போட்டு ஏமாற்றி லிஃப்டை இறக்குவோம். கதவு மூடாமலே மூடியிருக்கிறது என்று மெஷின் நம்பிவிடும். ஆபத்தான வேலை. ஆள் வெளியே வந்த அடுத்த நிமிஷம் ஒயரைப் பிடுங்கிவிட வேண்டும், மறந்தால் கொலை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் போட்டது அப்படி ஒரு ஒயர். பிடுங்க முடியவில்லை.

அப்பா காரில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்துக் கதவைத் தட்டினேன். என் கை வெறும் கை என்று பார்த்துத் திறந்தார். உட்கார்ந்தேன். பிறகு, அண்ணன் கூப்பிட்டான், வண்டியை மாத்திக்கச் சொன்னான் என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்லவில்லை. மறுநாள் எட்டு மணி மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

சண்டை போடுவார், பொய் என்பார், உன் ஃபோனைக் காட்டு என்பார் என்று நினைத்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. சாவியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். அப்புறம்தான் கேட்க ஆரம்பித்தார். “எப்ப கூப்பிட்டான்? குரல் எப்படி இருந்துச்சு? இளைச்சிருப்பானா? குரல்லயே தெரியுமே, தெரியலையா உனக்கு?” நான் எதிலும் சிக்கக் கூடாது என்று சுருக்கமாகப் பதில் சொன்னேன். அவர் விடவில்லை. கடைசியில் மெதுவாக, “கீறலப் பத்தி ஏதாவது சொன்னானா?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. எந்தக் கீறல் என்றேன்.

இறங்கி, தார்ப்பாயை இடது பக்கம் தூக்கிக் காட்டினார். பின்கதவிலிருந்து முன்கதவு வரை ஒரு கோடு. நூற்றுப் பத்து சென்டிமீட்டர் இருக்கும். ஆழமே இல்லை, பாலிஷ் போட்டால் முக்கால்வாசி போய்விடும். ஏழு மாதத்துக்கு முன் ஒரு ஒன்றாம் தேதி காலை, வலது பக்கத்திலிருந்து இடது பக்கம் கொண்டுவரும்போது நம் கேட் தூணில் உரசிவிட்டாராம். முப்பத்தோரு வருஷத்தில் ஒரு பஸ்ஸிலும் கீறல் விழவிடாத மனுஷன். இடது கண்ணில் புகை மாதிரி மறைக்கிறதாம். யாரிடமும் சொல்லவில்லை. தாடை வெட்டுக்கெல்லாம் காரணம் அதுதான். கை நடுங்குகிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே வீட்டில் இருக்கிறேன்.

அன்றைக்குச் சாயங்காலம்தான் நீ கடைசியாகக் கூப்பிட்டாயாம். அப்பா சொன்னதை எழுதுகிறேன்: “வண்டிய உரசிட்டேன்டா ராஜான்னு சொன்னேன். அவன் ஒண்ணும் சொல்லல. லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் கூப்பிடவே இல்ல. கோவம் இருக்கத்தானே செய்யும். ஆசப்பட்டு வாங்கின வண்டி.”

ஏழு மாதம் அண்ணா. தெருவோடு சண்டை போட்டது, சலூனில் அவமானப்பட்டது, தலையணையோடு காரில் உட்கார்ந்தது, எல்லாம் இதற்குத்தான். இன்னொரு தடவை தொட்டு இன்னொரு கீறல் விழுந்தால் நீ ஒரேயடியாக இல்லாமல் போய்விடுவாய் என்று அவருக்குள் ஒரு கணக்கு. நீ ஏன் கூப்பிடவில்லை என்பதற்கு அவருக்குக் கிடைத்த ஒரே காரணம் அந்தக் கோடு.

கீறலாவது மண்ணாவது, இரும்புதானேப்பா, போனாப் போகுதுன்னான் என்று சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு உள்ளே போனார். குழாயைத் திறந்துவிட்டு ரொம்ப நேரம் முகம் கழுவினார்.

நேற்றுக் காலை ஆறு மணிக்கு வண்டி மாறியது. முந்தின ராத்திரியே டயருக்குக் காற்று அடித்து, செத்துப்போன பேட்டரியையும் மாற்றிவிட்டேன். ஸ்டியரிங்கில் நான். அப்பா பின்னால் நடந்துவந்து, “ஒடி, ஒடி, இன்னும் கொஞ்சம் ஒடி, இப்ப நேராக்கு” என்று சொல்லி, போதும் என்பதற்கு டிக்கியில் இரண்டு தட்டுத் தட்டினார். கணக்கு டீச்சர் டிக் போட்டுவிட்டு, “பதினொண்ணு. நோட்டு இப்பதான் நோட்டு மாதிரி இருக்கு” என்றார். ஏழு மணிக்கு வேன் உள்ளே வந்து பதினாலாம் வீட்டு வாசலில் நின்றது. அந்த அக்கா தன் வாசலிலிருந்து இரண்டடி நடந்து ஏறிக்கொண்டார். இழுவை வண்டிக்காரன் எட்டு மணிக்கு வந்து, தேடிப் பார்த்து, எங்களைத் திட்டிவிட்டுப் போனான்.

இதோடு முடிந்திருக்க வேண்டும். அப்பா தெருமுனை வரை நடந்து ஒவ்வொருவரிடமும், பெரியவன் கூப்பிட்டான், அவன்தான் மாத்தச் சொன்னான் என்று சொல்லியாகிவிட்டது. சலூன் அண்ணன் அவரை இழுத்து உட்காரவைத்து, “பையன் ஃபோன் பண்ணாத்தான் உங்களுக்கு மூஞ்சி வருது ஐயா” என்று சொல்லிக்கொண்டே மழித்துவிட்டாராம். டெய்லர் நேற்று மத்தியானம் நம் வீட்டுக்கு வந்து உன் நம்பர் கேட்டார், நன்றி சொல்ல வேண்டுமாம். மறுபடி எப்ப கூப்பிடுவான் என்று அவரும் அப்பாவும் என்னைப் பார்த்தார்கள். ஏதாவது சொல்லியாக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி என்று சொல்லிவிட்டேன். டெய்லர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வருகிறார்.

ஆகவே நீ கூப்பிட வேண்டும். இன்றைக்கு அனுப்பினால் சனிக்கிழமைக்குள் சேர்ந்துவிடும். நான் உன் வாயில் போட்ட வார்த்தையை எல்லாம் எழுதுகிறேன், அதற்கு மாறாக எதுவும் சொல்லிவிடாதே. உனக்கு இரண்டு வாரம் இருமல் இருந்தது, இப்போது தேவலை. அறை மாறியிருக்கிறாய், புது அறையில் சிக்னல் கிடைப்பதில்லை, அதனால்தான் இத்தனை மாதம் பேசவில்லை. இது மட்டமான பொய், எனக்கே தெரியும், ஆனால் அவர் உடனே நம்பினார். நீயே சமைக்கிறாய். மேஸ்திரி நல்ல ஆள். ஊருக்கு எப்போது என்று கேட்டதற்குப் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னாய். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை, அந்த இடத்தை உனக்கே விட்டிருக்கிறேன். அப்பா கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நீ கண்டிப்பாகச் சொன்னாய். அதை நம்பித்தான் வியாழக்கிழமை கண் டாக்டரிடம் வர ஒத்துக்கொண்டிருக்கிறார். நான் மூன்று வருஷம் சொல்லியிருந்தாலும் வந்திருக்க மாட்டார்.

இப்போது நான் கேட்காமல் விட்டதைக் கேட்கிறேன். முதல் கடிதத்தைத் திரும்ப நினைத்துப் பார்த்தேன். தெருவின் அகலம் எழுதியிருக்கிறேன், வேனின் நேரம் எழுதியிருக்கிறேன். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி கேட்கவில்லை. வேலை போய்விட்டதா? உடம்பு சரியில்லையா? எங்காவது மாட்டிக்கொண்டாயா? எதுவாக இருந்தாலும் எனக்குக் கோபம் இல்லை. வெறுங்கையோடு வந்தாலும் வா, இரண்டாவது அறையில் என் டூல்ஸை எடுத்துவிடுகிறேன். அப்பாவிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். அதில் இப்போது எனக்குப் பழக்கம் வந்துவிட்டது.

ஒருவேளை இந்தக் கடிதத்தைப் பிரிப்பது அண்ணன் இல்லை என்றால்: ஐயா, நீங்கள் யாராக இருந்தாலும், அந்த அறையில் இருந்த என் அண்ணனைப் பற்றித் தெரிந்ததைத் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். என் நம்பர் கவரின் பின்பக்கம் இருக்கிறது. அப்பாவின் நம்பருக்குக் கூப்பிட வேண்டாம்.

அண்ணா, நீதான் படிக்கிறாய் என்றால், ஞாயிறு ஐந்து மணி. பேச முடியாவிட்டால் பேச வேண்டாம். ஃபோனை அடிக்கவிட்டு வைத்துவிடு. லைன் கிடைக்கவில்லை என்று சொல்லி மீதியை நான் சமாளித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு தடவை மணி அடித்தால் போதும். எனக்கும் அது போதும்.

எங்கே இருந்தாலும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளும்,
உன் தம்பி